புள்ளிப்பட்டியலின் கதை – 9: பத்து பெரிதா, ஆறு பெரிதா?

1932 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பனியிலேயே சிகாகோ பேர்ஸ் அணி, கிரீன் பே பேக்கர்ஸ் அணியை 9-0 என்று தோற்கடித்தது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்கு அது பதின்மூன்றாவது சீசன். அன்று மாலை மேல்வரிசையில் இருந்த மூன்று அணிகளின் கணக்கு இது:

பேக்கர்ஸ்: 10 வெற்றி, 3 தோல்வி, 1 டை.
போர்ட்ஸ்மத் ஸ்பார்டன்ஸ்: 6 வெற்றி, 1 தோல்வி, 4 டை.
பேர்ஸ்: 6 வெற்றி, 1 தோல்வி, 6 டை.

இதை யாரிடம் நீட்டினாலும் பேக்கர்ஸ்தான் முதலிடம் என்பார்கள். லீகின் கணக்குப்படி பேர்ஸும் ஸ்பார்டன்ஸும் சேர்ந்து முதலிடம். பத்து ஆட்டம் ஜெயித்த பேக்கர்ஸுக்கு மூன்றாமிடம்.

யாரும் தில்லுமுல்லு செய்யவில்லை. விதி அப்படி இருந்தது, எல்லா அணிகளும் அதை ஒப்புக்கொண்டுதான் ஆடின. டை ஆன ஆட்டத்தை நடக்காத ஆட்டமாகவே பாவிக்க வேண்டும். வெற்றியை, வெற்றி தோல்வி இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பேர்ஸுக்கு ஏழில் ஆறு, அதாவது 0.857. ஸ்பார்டன்ஸுக்கும் ஏழில் ஆறு, அதே 0.857. பேக்கர்ஸுக்குப் பதின்மூன்றில் பத்து, 0.769. (அமெரிக்கர்கள் இதைச் சதவீதம் என்றே சொல்வார்கள், ஆனால் நூறால் பெருக்குவதில்லை, பத்திரிகையில் மூன்று தசம இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நாமும் இந்த இதழ் முழுக்க அப்படியே எழுதலாம்.)

விகிதம் எதற்கு, வெற்றிக்கு இவ்வளவு புள்ளி என்று கொடுத்துக் கூட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடினால் கூட்டலாம். அந்தக் காலத்து என்.எஃப்.எல்.லில் அட்டவணை என்பது ஒவ்வொரு அணியும் தானே பேசி முடித்துக்கொண்டது. டிசம்பர் 11 அன்று பேக்கர்ஸ் 14 ஆட்டம் ஆடியிருந்தது, பேர்ஸ் 13, ஸ்பார்டன்ஸ் 11. பாஸ்டன் அணி சீசன் முழுக்க ஆடியதே 10 ஆட்டம்தான். பத்து ஆட்டம் ஆடியவனையும் பதினான்கு ஆட்டம் ஆடியவனையும் ஒரே தராசில் நிறுத்த விகிதத்தை விட்டால் வேறு வழியில்லை. விகிதம் என்று வந்துவிட்டால் டையை எங்கே வைப்பது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

சென்ற இதழில் இந்த லீகின் முதல் இரண்டு சீசன்களையும் அவற்றின் தகராறுகளையும் பார்த்தோம். 1920-ல் ஆக்ரன் 8-0-3, பஃபலோ 9-1-1, ஜார்ஜ் ஹாலஸின் டெகேட்டர் ஸ்டேலீஸ் 10-1-2 (வெற்றி, தோல்வி, டை என்ற வரிசையில்). தோற்காத அணி என்பதால் ஆக்ரனுக்குப் பட்டம் போனது. அதையே டையை அரை வெற்றியாக வைத்துப் பார்த்தால் ஆக்ரனுக்கும் பஃபலோவுக்கும் பதினொன்றில் ஒன்பதரை, இருவரும் சரிசமம். 1921-ல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்திருந்த அதே ஸ்டேலீஸ் 9-1-1, பஃபலோ 9-1-2. டையை ஒதுக்கினால் இருவருக்கும் 0.900. ஒருவரை ஒருவர் ஒரு முறை வென்றிருந்தார்கள். பின்னால் நடந்த ஆட்டமே பெரிது என்று சொல்லிப் பட்டத்தை ஸ்டேலீஸுக்குக் கொடுத்தார்கள். பஃபலோக்காரர்கள் கடைசிவரை அதை ஏற்கவில்லை. அந்த ஸ்டேலீஸ்தான் மறு ஆண்டு பேர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, டை கணக்கில் ஹாலஸ் ஒரு முறை இழந்தும் ஒரு முறை பெற்றும் பழகியவர்.

டையை ஒதுக்கிவிடுவது யாருக்கும் சாதகமில்லாத ஏற்பாடு போலத்தான் தெரியும். நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை, ஆட்டத்தையே மறந்துவிடுவோம். இதில் என்ன அநியாயம் இருக்க முடியும்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

1932 சீசனைப் பேர்ஸ் தொடங்கிய விதமே வினோதம். முதல் ஆட்டம் பேக்கர்ஸோடு, 0-0. அடுத்தது நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் ஸ்டேப்பிள்டன்ஸ் அணியோடு, அதுவும் 0-0. மூன்றாவது உள்ளூர்ப் பங்காளியான சிகாகோ கார்டினல்ஸோடு, அதுவும் 0-0. நான்காவதில் பேக்கர்ஸிடம் 0-2 என்று தோல்வி. நான்கு ஆட்டம் ஆடியும் ஒரு புள்ளிகூட எடுக்காத அணி அந்த வருடத்துச் சாம்பியன் ஆகப்போகிறது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்த இரண்டாவது ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பேர்ஸ் பூஜ்யம், ஸ்டேப்பிள்டன்ஸ் பூஜ்யம். ஒரே மைதானம், ஒரே மதியம், ஒரே முடிவு. ஸ்டேப்பிள்டன்ஸ் அந்த சீசனை 2 வெற்றி, 7 தோல்வி, 3 டை என்று முடித்தது. விகிதம் ஒன்பதில் இரண்டு, 0.222. சீசனோடு லீகை விட்டே போய்விட்டது. ஓர் ஆட்டத்தைச் சராசரியிலிருந்து நீக்குவதும், அந்த ஆட்டத்துக்கு உன் சராசரி எவ்வளவோ அதையே மதிப்பெண்ணாகப் போட்டுக்கொள்வதும் கணக்கில் ஒன்றுதான். ஆகவே அந்த 0-0 ஆட்டத்தில் பேர்ஸுக்குக் கிடைத்தது 0.857 வெற்றி. ஸ்டேப்பிள்டன்ஸுக்குக் கிடைத்தது 0.222. பலமான அணிக்கு டை என்பது கிட்டத்தட்ட வெற்றி, பலவீனமான அணிக்குக் கிட்டத்தட்ட தோல்வி. வலுத்த அணியை முட்டி மோதி நிறுத்திக் காட்டிய சின்ன அணிக்குக் கூலி இல்லை. சின்ன அணியை ஜெயிக்க முடியாமல் திணறிய பெரிய அணிக்குத் தண்டனையும் இல்லை.

பேர்ஸுக்கு அப்படி ஆறு ஆட்டம். ஆறுக்கும் சேர்த்து ஐந்து வெற்றிக்கு மேலான மதிப்பு சத்தமில்லாமல் கணக்கில் ஏறியது. பேக்கர்ஸுக்கு டை ஒன்றே ஒன்று. மற்ற ஆட்டங்களில் அவர்கள் ஜெயித்தார்கள் அல்லது தோற்றார்கள்; தோற்ற மூன்றும் அப்படியே வகுக்கும் எண்ணில் உட்கார்ந்துகொண்டது.

பேக்கர்ஸ் தோற்ற அந்த மூன்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேக்கர்ஸ் 1929, 1930, 1931 என்று மூன்று வருடம் வரிசையாகச் சாம்பியன். கர்லி லாம்போ பயிற்சியாளர். 1931-ல் அவர்கள் 12-2. அடுத்த இடத்தில் ஸ்பார்டன்ஸ் 11-3. அந்த சீசன் கடைசியில் ஸ்பார்டன்ஸோடு இன்னோர் ஆட்டம் ஆடலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அதில் ஸ்பார்டன்ஸ் ஜெயித்தால் இரண்டு அணியும் 12-3 ஆகிவிடும். பேச்சுத்தானே, உறுதியான ஒப்பந்தமா என்று கேட்டுவிட்டு பேக்கர்ஸ் ஆட மறுத்தது. லீகின் தலைவர் ஜோ கார் அதற்கு ஒத்துக்கொண்டார். போர்ட்ஸ்மத் என்பது ஒஹாயோ ஆற்றங்கரையில் ஒரு தொழிலாளர் ஊர். அந்த ஊர் இதை மறக்கவில்லை. 1932 டிசம்பர் 4 அன்று பேக்கர்ஸ் அங்கே ஆட வந்தபோது, ஸ்பார்டன்ஸ் பயிற்சியாளர் பாட்ஸி கிளார்க் பதினோரு பேரை இறக்கினார். ஆட்டம் முடியும்வரை ஒருவரைக்கூட மாற்றவில்லை. அந்தப் பதினோரு பேரும் 19-0 என்று ஜெயித்துக் கொடுத்தார்கள். அதுவரை 10-1-1 என்று நிமிர்ந்து நின்ற பேக்கர்ஸ் ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம் தோற்று மூன்றாமிடத்துக்கு இறங்கியது அப்படித்தான்.

இப்போது முதலிடத்தில் இரண்டு அணிகள். நேருக்கு நேர் மோதியதை வைத்துத் தீர்க்கலாம் என்றால் பேர்ஸும் ஸ்பார்டன்ஸும் அந்த சீசனில் மோதியது இரண்டு முறை. ஒன்று 13-13, இன்னொன்று 7-7. இரண்டும் டை! லீகுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். என்.எஃப்.எல். வரலாற்றில் பட்டத்துக்கென்று தனியாக நடந்த முதல் ஆட்டம் அது.

டிசம்பர் 18-ஆம் தேதி ரிக்லி ஃபீல்டில் ஆடுவதாக ஏற்பாடு. பனியும் குளிரும் விடவில்லை. உறையும் குளிரில் டிக்கெட் வாங்கி யார் வருவார்கள்? பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் இருந்த ஆண்டு அது. அணி முதலாளிகள் ஒவ்வொரு டாலரையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பேர்ஸின் ஹாலஸ் ஆட்டத்தைச் சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்கத்துக்கு மாற்றினார். ஐஸ் ஹாக்கியும் குத்துச்சண்டையும் நடக்கிற இடம். அதற்குச் சற்று முன்புதான் அங்கே சர்க்கஸ் நடந்து முடிந்திருந்தது. சர்க்கஸுக்காகக் கொட்டிப் பரப்பிய மண்ணை அள்ளவில்லை. அந்த மண்ணே மைதானம் ஆயிற்று. மிருகங்கள் விட்டுப்போன வாடையும் மண்ணோடு மிச்சம் இருந்தது. வழக்கமான ஆடுகளம் இரு முனைப் பகுதிகளையும் சேர்த்து 120 கெஜம். இங்கே மொத்தமே 80 கெஜம்தான் கிடைத்தது. அகலமும் குறைவு, பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் சுவர். அதனால் பந்து கோட்டோரம் போனால் அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடராமல், பந்தை உள்ளே தள்ளி வைத்துத் தொடரலாம் என்று அன்றைக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

ஸ்பார்டன்ஸின் பெரிய ஆட்டக்காரர் டட்ச் கிளார்க் வரவில்லை. கொலராடோ காலேஜில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக அவருக்கு வேலை. சீசன் முடிந்த பிறகு முளைத்த ஆட்டத்துக்காக அதை விட்டுவிட்டு வர முடியவில்லை.

11,198 பேர் பார்த்தார்கள். மூன்று கால்பகுதி முடிந்தும் 0-0. பழைய சாபம் இந்த ஆட்டத்தையும் பிடித்துக்கொண்டது என்றே நினைத்திருப்பார்கள். நான்காம் பகுதியில் பேர்ஸின் பிராங்கோ நகுர்ஸ்கி பந்தோடு முன்னால் பாயப்போவதாகப் போக்குக்காட்டி, சட்டென்று நின்று, முனைப் பகுதிக்குள் இருந்த ரெட் கிரேஞ்சுக்குப் பந்தை வீசினார். கிரேஞ்ச் பிடித்துவிட்டார். அன்றைய விதிப்படி, பந்தை முன்னோக்கி வீசுகிறவர் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு ஐந்து கெஜமாவது பின்னால் நிற்க வேண்டும். நகுர்ஸ்கி அவ்வளவு பின்னால் இல்லை என்று பாட்ஸி கிளார்க் கத்தினார். நடுவர் காதில் வாங்கவில்லை. கடைசியில் 9-0.

சர்க்கஸ் மண்ணில் நடந்தாலும் அந்த ஆட்டத்தைச் சீசன் கணக்கிலேயே சேர்த்தார்கள். பேர்ஸ் 7-1-6 ஆகி, எட்டில் ஏழு, 0.875-ஓடு சாம்பியன். ஸ்பார்டன்ஸ் 6-2-4, எட்டில் ஆறு, 0.750. அதாவது பேக்கர்ஸின் 0.769-க்கும் கீழே. இறுதிப் போட்டியில் ஆடித் தோற்ற அணி இரண்டாமிடம்கூட இல்லாமல் மூன்றாமிடத்துக்குப் போனது. ஆடாமல் வீட்டில் இருந்திருந்தால் முதலிடத்தைப் பங்கு போட்டிருக்கலாம். இரண்டு சீசன் கழித்து அந்த அணியை ஒரு வானொலிக்காரர் விலைக்கு வாங்கி டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோனார்; இன்றைய டெட்ராய்ட் லயன்ஸ் அதுதான்.

அந்த ஒரு ஆட்டம் கூட்டம் கூட்டியதைப் பார்த்து 1933-ல் லீக் விழித்துக்கொண்டது. அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, இரண்டிலும் முதலில் வருபவர்கள் பட்டத்துக்கு மோத வேண்டும் என்று வைத்தார்கள். கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் பந்தை வீசலாம் என்றார்கள். நகுர்ஸ்கிக்குப் பின்தேதியிட்ட மன்னிப்பு என்று இதை எடுத்துக்கொள்ளலாம். சுவருக்குப் பயந்து பந்தை உள்ளே தள்ளி வைத்த ஏற்பாடும் நிரந்தர விதி ஆயிற்று. கோல் கம்பங்களை முனைப் பகுதியின் பின்கோட்டிலிருந்து முன்கோட்டுக்கு நகர்த்தினார்கள்: உதைத்துப் புள்ளி எடுப்பது சுலபமாகும், டை குறையும். 1932-ல் நடந்த 48 ஆட்டங்களில் 10 டை. அந்தத் தொல்லையைக் குறைக்கக் கம்பத்தைப் பிடுங்கி நட்டவர்கள், டையை எப்படி எண்ணுவது என்ற விதியில் மட்டும் கை வைக்கவில்லை. அது இன்னும் நாற்பது வருடம் அப்படியே கிடந்தது.

இங்கே நின்று இன்றைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டை என்றால் அரை வெற்றி, அரை தோல்வி. டிசம்பர் 11 மாலை பேக்கர்ஸுக்குப் பதினான்கில் பத்தரை, 0.750. ஸ்பார்டன்ஸுக்குப் பதினொன்றில் எட்டு, 0.727. பேர்ஸுக்குப் பதின்மூன்றில் ஒன்பது, 0.692. வரிசை அப்படியே தலைகீழ். பேக்கர்ஸ் சாம்பியன், சர்க்கஸ் மண்ணில் ஆட்டமே தேவைப்பட்டிருக்காது.

இதை வைத்துக்கொண்டு பேக்கர்ஸ் பக்தர்கள் ஒரு வழக்குப் பேசுவது உண்டு. 1929 தொடங்கி நான்கு வருடம் வரிசையாகச் சாம்பியன் ஆகியிருக்க வேண்டிய அணி, ஓர் அசட்டு விதியால் நான்காவதை இழந்தது என்பார்கள். என்.எஃப்.எல்.லில் இன்றுவரை எந்த அணியும் நான்கு வருடம் தொடர்ந்து பட்டம் வாங்கியதில்லை என்பதால் வழக்குக்குக் கொஞ்சம் கனமும் உண்டு. ஆனால் அவர்கள் 1930-ஆம் ஆண்டின் பட்டியலை எடுத்துப் பார்ப்பதில்லை.

அந்த வருடம் பேக்கர்ஸ் 10-3-1. நியூயார்க் ஜயன்ட்ஸ் 13-4, டையே கிடையாது. டையை ஒதுக்கிய அன்றைய கணக்கில் பேக்கர்ஸ் பதின்மூன்றில் பத்து, 0.769, ஜயன்ட்ஸ் பதினேழில் பதின்மூன்று, 0.765. ஆயிரத்தில் நான்கு பங்கு வித்தியாசத்தில் பேக்கர்ஸ் சாம்பியன். அந்த ஒற்றை டையை அரை வெற்றியாக எண்ணினால் பேக்கர்ஸ் 0.750-க்கு இறங்கிவிடும், பட்டம் ஜயன்ட்ஸுக்குப் போய்விடும். 1930-ல் பேக்கர்ஸ் வைத்திருந்த கணக்கும் 10-3-1, 1932-ல் வைத்திருந்த கணக்கும் அதே 10-3-1 என்பதுதான் இதில் வேடிக்கை. ஒரு முறை அதே விதி கொடுத்தது, இன்னொரு முறை அதே விதி எடுத்தது. 1932-ஐத் திருத்து என்று கேட்பவர் 1930-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து கேட்க வேண்டும். நான்கு பட்டம் வரிசையாக என்ற பேச்சுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

எல்லா அணிகளும் சம எண்ணிக்கையில் ஆடத் தொடங்கிய பிறகாவது இந்தக் கோணல் நேராகியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். 1963-ஐப் பாருங்கள். கிழக்குப் பிரிவில் கடைசி வாரம். ஜயன்ட்ஸ் 10-3. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 7-3-3. மூன்று வெற்றி பின்னால் நிற்கிறது ஸ்டீலர்ஸ். கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும், டிசம்பர் 15, யாங்கி ஸ்டேடியம். அதில் ஸ்டீலர்ஸ் ஜெயித்திருந்தால் 8-3-3, பதினொன்றில் எட்டு, 0.727. ஜயன்ட்ஸ் 10-4, 0.714. ஒரே பதினான்கு ஆட்டம் ஆடி, இரண்டு வெற்றி கூடுதலாக வைத்திருந்தும் ஜயன்ட்ஸ் வெளியே போயிருக்கும். ஜயன்ட்ஸ் 33-17 என்று ஜெயித்துவிட்டதால் விதி பிழைத்தது. அன்று முடிவு வேறாகியிருந்தால் நியூயார்க் பத்திரிகைகள் அந்த விதியை அந்தக் குளிர்காலத்திலேயே புதைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

1972-ல்தான் மாற்றினார்கள்: டை என்றால் அரை வெற்றி, அரை தோல்வி. பழைய பட்டங்களில் கை வைக்கவில்லை. 1932 பேர்ஸுடையதுதான், 1930 பேக்கர்ஸுடையதுதான். இரண்டு வருடம் கழித்து, 1974-ல், டையையே ஒழித்துவிடலாம் என்று சாதாரண லீக் ஆட்டங்களுக்கும் கூடுதல் நேரம் கொண்டுவந்தார்கள்: பதினைந்து நிமிடம், முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. அந்த விதியின் கீழ் கூடுதல் நேரத்துக்குப் போன முதல் ஆட்டம் ஸ்டீலர்ஸும் டென்வர் பிராங்கோஸும் ஆடியது, செப்டம்பர் 22. முடிவு 35-35. பதினைந்து நிமிடம் கூடுதலாக ஓடியும் டை! ஆனாலும் அதற்குப் பிறகு டை அபூர்வமாகிவிட்டது என்பது உண்மை. எவ்வளவு அபூர்வம் என்றால், 2008-ல் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ், சின்சினாட்டியோடு 13-13 என்று முடித்தபோது, ஈகிள்ஸின் முன்னணி ஆட்டக்காரர் டோனவன் மெக்னாப், ஆட்டம் இப்படி முடியும் என்பதே தனக்குத் தெரியாது என்று நிருபர்களிடம் சொன்னார். ஊரே சிரித்தது. அந்த அரை வெற்றிதான் ஈகிள்ஸைக் கரையேற்றியது: 9-6-1 என்ற கணக்கோடு, 9-7 என்று நின்ற அணிகளைத் தாண்டி அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போனார்கள்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதெல்லாம் தூரத்து ஊர்க் கதை இல்லை. இங்கிலாந்தின் கவுண்டி சாம்பியன்ஷிப் 1895 முதல் 1909 வரை டிராவை அடியோடு ஒதுக்கிவிட்டு, முடிவு தெரிந்த ஆட்டங்களை மட்டும் வைத்தே விகிதம் போட்டது. மழை நாட்டில் இது துணிச்சலான ஏற்பாடுதான். இன்று ஒருநாள் ஆட்டங்களில் ஓர் அணியின் வெற்றிச் சதவீதம் போடுகிற புள்ளிவிவரக்காரர்கள், முடிவில்லாமல் போனதை நீக்கிவிட்டு, டையை அரை வெற்றியாகச் சேர்ப்பது வழக்கம். டெஸ்டில் டை வேறு, டிரா வேறு. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடியது டை. டெஸ்ட் வரலாற்றில் அப்படி நடந்தது அதற்கு முன் 1960-ல் பிரிஸ்பேனில் மட்டும். இன்றைய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு 12 புள்ளி, டைக்கு 6, டிராவுக்கு 4. டைக்குச் சரிபாதி, டிராவுக்கு மூன்றில் ஒரு பங்கு. அணிகள் சமமான எண்ணிக்கையில் டெஸ்ட் ஆடுவதில்லை என்பதால் அங்கேயும் கடைசியில் சதவீதம்தான்.

ஒதுக்குவது ஒரு வழி, பாதியாக எண்ணுவது ஒரு வழி. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைத் தென்கொரியா செய்து பார்த்தது.

கொரிய பேஸ்பால் லீகில் 2008-ல் டையே கூடாது, முடிவு தெரியும்வரை ஆடு என்றார்கள். நள்ளிரவு தாண்டியும் ஆட்டம் நீண்டது, ஆட்டக்காரர்கள் துவண்டார்கள். 2009-ல் பன்னிரண்டு இன்னிங்ஸோடு நிறுத்து என்று திரும்பினார்கள். நிறுத்தினால் டை வரும். டைக்காக யாரும் ஆடக்கூடாது என்பதற்காக, டை ஆனால் இரண்டு அணிக்கும் தோல்விக்குச் சமம் என்று வைத்தார்கள். வெற்றியை மொத்த ஆட்டத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த முதல் வருடமே கணக்கு வந்து மாட்டியது. குவாங்ஜு நகரின் கியா டைகர்ஸ் 81 வெற்றி, 48 தோல்வி, 4 டை. இஞ்சன் நகரின் எஸ்.கே. வைவர்ன்ஸ் 80 வெற்றி, 47 தோல்வி, 6 டை. இரண்டும் 133 ஆட்டம். புதிய விதிப்படி கியா 0.609, எஸ்.கே. 0.602, கியா முதலிடம். டையை ஒதுக்கும் பழைய விதிப்படி கியா 129-ல் 81, அதாவது 0.628, எஸ்.கே. 127-ல் 80, அதாவது 0.630, எஸ்.கே. முதலிடம். சரி, அமெரிக்கர்கள் 1972-ல் வந்து சேர்ந்த நடுவழியை எடுப்போம். கியாவுக்கு 81-ஓடு நான்கில் பாதி, 83. எஸ்.கே.வுக்கு 80-ஓடு ஆறில் பாதி, அதுவும் 83. மூன்று கணக்குக்கும் மூன்று விடை!

அந்த லீகில் முதலிடம் என்பது வெறும் பெருமை இல்லை. முதலிடத்துக்கு வரும் அணி நேராக இறுதித் தொடருக்குப் போய்விடும். மற்றவர்கள் அதற்குள் நுழைய ஒருவரோடொருவர் மோதிக் களைத்து வர வேண்டும். எஸ்.கே. அப்படித்தான் சுற்றிக்கொண்டு வந்தது. இறுதித் தொடரில் கியாவோடு ஏழாவது ஆட்டம்வரை இழுத்தது. அந்த ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிவில், இரண்டு அணியும் சமமாக இருந்தபோது, கியாவின் நா ஜி-வான் அடித்த ஹோம் ரன்னில் பட்டம் முடிவானது. 2010-லும் இதே விதியை வைத்திருந்துவிட்டு, 2011-ல் பழையபடி டையை ஒதுக்கும் முறைக்கே கொரியா திரும்பியது.

(தொடரும். அடுத்த இதழில்: வெற்றிக்கு இரண்டு புள்ளி போதாது, மூன்று வேண்டும் என்று ஜிம்மி ஹில் மல்லுக்கட்டியதும், 1981-ல் இங்கிலாந்து கால்பந்து லீக் அதற்கு இணங்கியதும்.)